கமிட்டி நோட்டில் எழுதாதது

தீர்மானம் நான்கு: கோயில் வாசலில் சாய்தளம் கட்டுவது.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தொகை.
செயலாளர் என்ற முறையில் நோட்டில் இவ்வளவுதான் எழுதினேன்.
மிச்சம் இது.

எங்கள் கோயிலுக்கு ஏழு படி.
படிக்கு ஒரு பளிங்குப் பலகை, பலகைக்கு ஒரு பெயர்.
மூன்றாவதில் என் அப்பா:
உபயம், ஆ. பாக்கியநாதன்.
சின்னதில் அந்தப் படியை மட்டும் மிதிக்காமல் தாண்டுவேன்.

எப்சிபாளுக்குத் தாண்ட முடியாது.
கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு
ஏழையும் உட்கார்ந்தபடியே ஏறுவாள்,
பாவாடை நாளிலிருந்து சேலை நாள் வரை.
அந்தப் பெயர்களை அத்தனை பக்கத்தில்
வாசித்தவர் வேறு யாருமில்லை.

பிறகு வரவில்லை. நாலு வருஷம்.
திசையன்விளை ரோட்டில் ரீசார்ஜ் கடை போட்டாள்.
காற்றாடி ரிப்பேருக்கு வருகிற வடநாட்டுப் பையன்களிடம்
இந்தியும் கற்றுக்கொண்டாள்.
படிதான் காரணம் என்றது கமிட்டி.
நானும் நம்பினேன்.
படி வசதியான காரணம்;
சிமெண்டுக்கு விலை தெரியும்.

"வடக்கு வாசல்ல போட்டா என்ன?" என்றார்
பொருளாளர் தேவஇரக்கம்.
அசனத்துக்கு அண்டா போகிற வாசல் அது.
கொத்தனார் சுடலைமுத்து டேப்பை மடக்கினார்:
"மூணரை அடி உயரத்துக்கு
நாப்பத்திரண்டு அடி நீளம் வேணும் சார்.
அதுக்குக் கொறைஞ்சா சறுக்குப் பலகை."

திமிர்வாதக்காரனைக் கூரை பிரித்து இறக்கிய
நாலு பேரைப் பற்றி வருஷா வருஷம் பிரசங்கம் கேட்கிறோம்.
அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று
யாரும் சொன்னதில்லை.
எங்கள் கமிட்டியாக இருந்தால்
ஓட்டுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கும்.

அவளிடமே கேட்கலாம் என்பது
எனக்கு ரீசார்ஜ் தீர்ந்த அன்றுதான் தோன்றியது.

"படி பழக்கம்தான் அண்ணாச்சி.
கன்வென்ஷன் பந்தல்ல ஒருத்தர் மைக்கோட இறங்கி வந்து
என் தலையில கைய வச்சு
எந்திரி, எந்திரின்னு அமுக்குனாரே,
நான் எந்திரிக்கல.
பரீட்சையில பெயிலான பிள்ளையப் பாக்க மாதிரி
மொத்த சபையும் பாத்துச்சு.
அந்தப் படி எத்தனை அடி உயரம்?
கொத்தனார அளக்கச் சொல்லுங்க."

அந்தப் பந்தலில் நானும் இருந்தேன்.
கண்ணை மூடி, சத்தமாக,
அவளுக்காக ஜெபித்தவன்.
மீதிச் சில்லறையை எண்ணித் தந்தாள்.
சரியாக இருந்தது.

கட்டினோம். முன்வாசலில், இரண்டு திருப்பத்தோடு.
படிகளில் வலப்பாதி சிமெண்டுக்கு அடியில் போயிற்று.
அப்பா பெயரில் இப்போது
'பாக்கி' மட்டும் தெரிகிறது.
தேவஇரக்கம் வாய்விட்டுச் சிரித்தார்.
எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை.

முதல் ஞாயிறு அவள் வரவில்லை. ஆடுகள் ஏறின.
அடுத்த ஞாயிறு, மூட்டு வலிக்கார ஞானாபரணம் வாத்தியார்
கைப்பிடியைத் தடவித் தடவி ஏறி
"எனக்காகவா கட்டுனிய?" என்று கண் கலங்கினார்.
ஆமாம் என்றோம்.

மூன்றாவது வாரம், இரண்டாம் பாட்டின் நடுவில்
சிமெண்டில் சக்கரச் சத்தம்.
தேரிச் செம்மண் இரண்டு கோடாக உள்ளே வந்தது.
வண்டியை நிறுத்த இடம் யோசிக்க
நாங்கள் மறந்திருந்தோம்.
நடைபாதையிலேயே, என் பெஞ்சை ஒட்டி நிறுத்தினாள்.
யாரும் தலையில் கை வைக்கவில்லை.
யாரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை,
அதுவும் சரியில்லை என்று பிறகு புரிந்தது.

"எல்லாரும் எழுந்து நிற்போம்" என்றார் ஐயர்.
முழங்கால் பழக்கத்தில் பாதி எழும்பி,
திரும்ப உட்கார்ந்தது.
பெருந்தன்மை எல்லாம் இல்லை.
நின்றால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உட்கார்ந்து பார்த்தால்
ஆல்டர் இல்லை, சிலுவை இல்லை, ஐயர் இல்லை.
ஒரு வேட்டி மடிப்பு. ஒரு கைப்பை.
முதுகு, முதுகு, முதுகு.

வண்டிக்குள்ளிருந்து மெல்லச் சாய்ந்தாள்.
"தேவஇரக்கம் அண்ணாச்சி சட்டைக்கு
முன்பக்கம் மட்டுந்தான் இஸ்திரி.
அப்பவும் இப்படித்தான்."